ஷட்டர் மேல் நான்காவது அமர்வு

பாகூர் பக்கம் மாதம் ஒருமுறை நடந்துவந்த குறைகேட்பு நாளை ஒழித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. படித்தவர்கள். மக்கள் கையில் மனுவோடு வெயிலில் வரிசையாக நிற்பதைப் பார்த்து மனம் நொந்தவர்கள். மனம் நொந்துபோய் முதலில் வரிசையை எடுத்தார்கள், பிறகு மனுவை எடுத்தார்கள். அதன் இடத்தில் உழவர் உள்ளாற்றல் முகமை என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, அதற்கு ஓர் இயக்குநர், பன்னிரண்டு வழிநடத்துநர்கள், ஒரு கைபேசிச் செயலி ஆகியவற்றைக் கொடுத்தார்கள்.

முகமையின் ஏற்பாடு எளிமையானது. குறை உள்ளவர்கள் நான்கு பேரைச் சேர்த்தால் ஒரு சக வட்டம். வட்டம் ஆன்லைனில் நான்கு முறை கூடும். ஒருவர் தன் குறையைச் சொல்ல, மற்ற மூவர் கேள்வி கேட்பார்கள். யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது, உதவுவதாகவும் சொல்லக் கூடாது. விடை அவரவர் உள்ளே இருக்கிறது என்பது முகமையின் கொள்கை. நான்கு அமர்வு முடிந்தும் உள்ளே இருக்கும் விடை வெளியே வராத பிடிவாதக்காரர்களுக்குத் தீர்வுத் தகுதிச் சான்று என்று ஒன்று வரும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண் இருந்தால்தான் எந்த அலுவலகத்திலும் கோப்பைத் திறப்பார்கள்.

சோரியாங்குப்பம் உலகநாதனுக்கு இந்தக் கொள்கையெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தன் இரண்டு காணி சம்பாவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமையே மழை விட்டுவிட்டது. பயிர் தொண்டைக்கதிர்ப் பருவம். கதிர் வெளியே எட்டிப் பார்க்க வேண்டிய நேரத்தில் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குள் வடிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் அழுகும்.

வடிவதற்கு ஒரே ஒரு தடைதான். வடிகால் வாய்க்காலின் கடைசியில் ஒரு ஷட்டர். ஆற்றில் வெள்ளம் வந்தபோது, அந்தத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் இருக்க அதை மூடினார்கள். சரியான காரியம்தான். ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது, ஷட்டர் மட்டும் மூடியபடியே இருந்தது. அதன் சக்கரத்தில் சங்கிலி போட்டு ஒரு பூட்டு. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து நிலத்து முத்துக்குமரன் இதே பூட்டைக் கடப்பாரையால் உடைத்தார். அவர் பயிர் பிழைத்தது. அவர் இன்னும் மாதம் ஒருமுறை புதுச்சேரி கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்.

உலகநாதன் பூட்டை உடைக்கிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் தன்னைத் தாண்டிப் போகிறவனுக்கும் வழிவிடுகிற ஆள். திங்கட்கிழமை காலை இளநிலைப் பொறியாளரைப் போய்ப் பார்த்தார்.

"நம்பர் இருக்கா?" என்றார் பொறியாளர்.

"இன்னா நம்பர் சார்?"

"வட்டம் முடிச்ச நம்பர். ஷட்டரைத் திறக்க அஞ்சு நிமிஷம் போதும், பெரியவரே. அந்த அஞ்சு நிமிஷத்தை எந்த ஃபைல்ல எழுதறது? அதான் பிரச்னையே."

வாசலில் நின்ற உதவியாளர் உலகநாதனின் போனை வாங்கி, செயலியை ஏற்றி, அவரை ஒரு வட்டத்தில் சேர்த்துவிட்டார். செவ்வாய் முதல் வெள்ளி வரை, தினமும் மாலை மூன்று மணி. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சான்று வந்துவிடும் என்றார். உலகநாதன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சனிக்கிழமைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வருகிறது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டில் தையலம்மாளிடம் சொன்னார். அவருடைய மனைவிக்கு நிம்மதி அவ்வளவு சுலபத்தில் வராது.

"நாலு பேரு உக்காந்து இன்னா இன்னான்னு கேட்டுக்கினு இருந்தா தண்ணி வடிஞ்சிடுமாயா?" என்றாள்.

"முறைன்னு ஒண்ணு கீதுல்ல."

"முறை கீது. பயிரு கீதான்னு பாத்துக்கினு வா."

ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான். ஷட்டரின் மேல் சக்கரத்தைச் சுற்றி நிற்பதற்காகக் கட்டிய சிமென்ட் மேடை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு உலகநாதன் அதில் ஏறி, பூட்டுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து, போனை நீட்டிப் பிடித்தார்.

திரையில் ஐந்து கட்டங்கள். ஒன்றில் வட்ட வழிநடத்துநர் நவீன்குமார், கழுத்தில் அடையாள அட்டை போட்ட பையன், பி.டெக். படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறான்; வாரத்துக்குப் பன்னிரண்டு வட்டம் முடிக்காவிட்டால் அவனுக்கே வேலை இருக்காது. இன்னொன்றில் பனித்திட்டு கலியம்மாள், மீன் விற்கிறவள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது என்பது அவள் குறை. மூன்றாவதில் மரிய அருள் என்று ஒருவர். அவர் போட்டோ மட்டும் இருந்தது. ஆள் கடைசிவரை அசையவில்லை. நான்காவது கட்டத்தில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், பின்னால் சுவரில் மாதா படம், முகத்தில் தூக்கம் இல்லை. அவர் பெயர் அமிர்தசாமி. ஐந்தாவதில் உலகநாதனே.

"வணக்கம் சக பயணிகளே" என்றான் நவீன்குமார். "முதல்ல மனவானிலை. இப்ப உங்க மனசுல என்ன வானிலை? உலகநாதன் ஐயா?"

"மழ உட்டுடுச்சி சார். தண்ணிதான் நிக்கிது."

நவீன்குமார் கண்ணை மூடித் திறந்தான். "மழை விட்ட மனசுல தண்ணி நிக்கிது. எவ்வளவு ஆழம்."

"இடுப்பளவு சார்."

அதற்கு நவீன்குமார் இதயம் ஒன்று போட்டான். செயலியில் கேள்வி வங்கி என்று இருந்தது. அதில் நாற்பது கேள்விகள். வட்டத்தில் இருப்பவர்கள் அந்த நாற்பதில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். கலியம்மாளிடம் நவீன்குமாரே ஒன்றை எடுத்துக் கேட்டுக் காட்டினான்: "பெயர்ந்து விழும் அந்தக் காரை உங்களுக்கு என்ன சொல்ல வருகிறது?"

"எழுந்து வெளிய போன்னு சொல்லுது தம்பி. எம்பொண்ணு மண்டைல மூணு தையலு."

"அருமை. அதை அப்படியே உணர்ந்துட்டு இருங்க."

புதன்கிழமை அமிர்தசாமியின் முறை. அவர் பேச ஆரம்பித்ததும்தான் அவருடைய குறை என்ன என்று தெரிந்தது. வில்லியனூர் பக்கத்து மாதா கோயில் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். பாசனப் பிரிவில் லஸ்கர் வேலை. மதகு, ஷட்டர் எல்லாவற்றையும் திறந்து மூடுகிறவர். வட்டத்துக்கு ஆள் குறைந்ததால் ஊழியர்களையும் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்து, அவரை இதில் போட்டுவிட்டார்கள்.

"நாளுக்கு நாப்பது போன் வருது சார்" என்றார். "சோத்துல கைய வெச்சா வருது. பூசைல நின்னா வருது. எல்லாரும் ஒரே பேச்சு, ஷட்டர தொற, ஷட்டர தொற. ஆர்டர் இல்லாம நான் எப்டி தொறக்கறது? ராவுல தூக்கமே இல்ல சார்."

அந்த நாற்பதில் பதினொன்று உலகநாதன் செய்தது. லஸ்கரின் போன் நம்பரைப் பொறியாளரின் உதவியாளரிடம் வாங்கியிருந்தார், அந்தப் பக்கம் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

"தம்பி, சோரியாங்குப்பம் ஷட்டரு சாவி உன்கிட்டதான் கீதா?" என்று உலகநாதன் கேட்டுவிட்டார்.

அவர் குரல் வெட்டுப்பட்டது. நவீன்குமார் மியூட் போட்டிருந்தான். "ஐயா, அது தீர்வை நோக்கிய கேள்வி. நாம உணர்வை நோக்கிய கேள்விதான் கேக்கணும். இது முதல் எச்சரிக்கை. பதினேழாம் கேள்வி உங்களுக்கு வந்திருக்கு பாருங்க, அதைக் கேளுங்க."

உலகநாதன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "போன் அடிக்கும்போது... உங்கள் உடலில்... அது எந்த இடத்தில் தெரிகிறது?"

"வவுத்துல" என்றார் அமிர்தசாமி.

அரைமணி நேரம் எல்லோருமாகச் சேர்ந்து அமிர்தசாமிக்கு ஓர் இலக்கு வகுத்தார்கள். வெள்ளிக்கிழமை வரை அவர் யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கக் கூடாது. ஷட்டரைப் பற்றிக் குற்ற உணர்வும் கொள்ளக் கூடாது. இந்த இலக்கை அவர் எட்டுவதற்குத் துணை நிற்பதாகச் சகபாடிகள் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கலியம்மாள் சொன்னாள். மரிய அருளின் போட்டோ சொன்னதாகச் செயலி எடுத்துக்கொண்டது. உலகநாதன், அழுகிக்கொண்டிருக்கும் பயிருக்கு நடுவில், பூட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, "போன எடுக்காத தம்பி, நான் தொணையா இருக்கேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை பாகூர் டீக்கடையில் அமிர்தசாமியை நேரிலேயே பார்த்துவிட்டார். கிட்டப் போனதும் அமிர்தசாமி கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே, பேசாதீங்க. வட்டத்துல கேட்டத வெளிய பேசக் கூடாது, அத வெச்சி எதையும் செய்யவும் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிருக்கான். நீங்களும் போட்டிருக்கீங்க."

"நான் வட்டத்துல சொல்றதுக்கு மின்னாடியே தண்ணி நின்னுக்கினுதான இருந்துச்சி?"

"இருந்துச்சி. ஆனா எனக்கு இப்ப வட்டத்துல கேட்டுதான தெரியுது." அமிர்தசாமி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, தற்செயலா பாத்தேன்னு சொல்லி எதனா செஞ்சிருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. பயந்த மனிதர், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர்.

அன்று மாலை மூன்றாவது அமர்வில் நவீன்குமார் இவர்கள் இருவரையும் ஐந்து நிமிடம் தனி அறையில் போட்டான். திரையில் இரண்டே கட்டங்கள். உலகநாதன் வாயைத் திறந்தார். அமிர்தசாமி தலையை ஆட்டிவிட்டு, மூலையில் எரிந்த சிவப்புப் புள்ளியைக் கண்ணால் காட்டினார். பதிவாகிறது. உலகநாதன் போனை மெல்லத் திருப்பி வயலைக் காட்டினார். வரப்பு தெரியவில்லை. பழுப்பேறிய நுனிகள் மட்டும் வரிசையாகத் தண்ணீரில் நின்றன. அமிர்தசாமியின் அப்பாவும் பயிர் வைத்தவர்தான். ஐந்து நிமிடமும் அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவீன்குமார் திரும்பி வந்து, "இவ்வளவு ஆழமான மௌனத்தை நான் எந்த வட்டத்துலயும் பாத்ததில்ல" என்று சொல்லி, இருவருக்கும் தலா பத்துப் புள்ளி கொடுத்தான். உலகநாதனின் பின்னணிப் படம் மிகவும் தத்ரூபமாக இருப்பதாகவும், எந்த ஆப்பில் எடுத்தது என்று சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்றும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தண்ணீர் இப்போது நாற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் தையலம்மாள் காலையில் இறங்கி நான்கு இடத்தில் குருத்தைப் பிளந்து பார்த்துவிட்டு, உள்ளே இன்னும் பச்சை இருக்கிறது என்றாள். நாளைக்குத் தாங்காது என்றும் சொன்னாள்.

மூன்று மணிக்கு நவீன்குமார் விதிகளைப் படித்தான். இன்று யாராவது பாதியில் விலகினாலோ, வட்டத்தில் கேட்டதை வைத்து வெளியே செயல்பட்டாலோ, வட்டம் கலைந்துவிடும். நான்கு பேரும் பதினைந்து நாள் கழித்து முதல் அமர்விலிருந்து தொடங்க வேண்டும். பிறகு இயக்குநர் மணிபாரதி வந்தார். அவருக்குப் பின்னால் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பொறுப்பேற்றபோது இந்தப் பகுதியில் ஆண்டுக்கு நானூற்றுப் பதினாறு மனுக்கள் வந்தன" என்றார் இயக்குநர். "இன்று ஒன்றுகூட வருவதில்லை. குறை தீர்ந்துவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். பழைய காலத்துக் கேள்வி. ஒரு குறையைத் தீர்த்தால் அடுத்த குறையோடு வருவார்கள். குறையோடு இருக்கப் பழக்கினால் வரமாட்டார்கள். போன வாரம் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் குழாய் உடைந்துவிட்டது. பிளம்பரைக் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் சரி செய்துவிட்டுப் போய்விட்டான். அதில் எனக்கு என்ன வளர்ச்சி கிடைத்தது? ஒன்றுமில்லை. உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது."

கலியம்மாள் கையை உயர்த்தினாள். கை உயர்த்தியதற்கு நன்றி என்று திரையில் வந்தது.

"மக்களுக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்" என்று இயக்குநர் தொடர்ந்தார். "செய்துவிட்டால், அவர்களால் முடியாது என்று நாம் நினைப்பதாக ஆகிவிடும். இந்த முகமை யாரையும் அப்படி அவமானப்படுத்தாது."

அப்போது மணி மூன்று நாற்பது. வாய்க்கால் கரையில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் அமிர்தசாமி. ஒரு கையில் சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கம்பி, இன்னொரு கையில் சாவி. அவருடைய போன் சட்டைப் பையில் இருந்தது. திரையில் அவர் கட்டத்தில் சட்டைத் துணி மட்டும் தெரிந்தது. மேடை ஏறி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தள்ளி உக்காருங்கண்ணே. தொறந்துட்டுப் போயிடறேன். ராத்திரியெல்லாம் அந்தப் பயிருதான் கண்ணுல நிக்கிது. யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிக்கலாம்."

சாவியைப் பூட்டில் விட்டார். திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

உலகநாதன் போனைப் பார்த்தார். திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் சான்று தயாராகிறது, தொண்ணூற்றிரண்டு சதவீதம். இன்னும் இருபது நிமிடம். நான்கு நாள் உட்கார்ந்தாகிவிட்டது. இப்போது கலைந்தால் மீன்காரி ஒருத்தியின் நான்கு நாளும் போகும். இந்த மனிதருடைய வேலை போகும். தன் பெயர் முத்துக்குமரன் பெயருக்குப் பக்கத்தில் கோர்ட்டில் ஏறும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் வாழ்க்கையில் எந்த வரிசையிலும் இவ்வளவு முன்னால் வந்ததில்லை. கவுன்ட்டருக்கு எதிரே நிற்கும்போது யாரும் வரிசையை விட்டு வெளியே போக மாட்டார்கள்.

"இருப்பா" என்றார். "இருவது நிமிசம்தான். சான்று வந்துரட்டும். முறையாவே தொறந்துக்கலாம். எதுக்கு உனக்கும் வம்பு?"

"அண்ணே, வேணாண்ணே. இப்பவே தொறந்துடறேன்."

"சொல்றேன்ல. சாவிய எடு."

அமிர்தசாமி சாவியை உருவிக்கொண்டார். என்ன செய்வதென்று தெரியாமல் மேடையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, போனைப் பையிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு கட்டங்களிலும் ஒரே தண்ணீர் தெரிந்தது. சகபாடிகள் இருவர் ஒரே பின்னணியைத் தேர்ந்தெடுத்திருப்பது வட்டத்தின் ஒற்றுமையைக் காட்டுகிறது என்று இயக்குநர் பாராட்டினார்.

நான்கு மணிக்குப் பரிசுகள் அறிவித்தார்கள். சிறந்த செவிமடுப்பாளர் மரிய அருள். அமிர்தசாமிக்கு மூன்று நாளில் நூற்றுப் பதினான்கு அழைப்புகளை எடுக்காததற்காகத் தன்னுறுதி விருது. நான்கு பத்துக்கு உலகநாதனின் போன் சிணுங்கியது. சான்று வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

"தொற தம்பி" என்றார்.

அதே நேரத்தில் அமிர்தசாமியின் போனும் சிணுங்கியது. அவர் படித்தார், மறுபடியும் படித்தார்.

"அண்ணே, கோப்பு தொறந்துட்டாங்க. பொருள், சோரியாங்குப்பம் ஷட்டர். ஆர்டர் வர்ற வரைக்கும் இருக்கற நெலமைய மாத்தக் கூடாதுன்னு போட்டுருக்கு. பூட்டுன நெலமைல போட்டோ எடுத்து உடனே ஏத்தணுமாம்."

"இப்பதான தொறக்கறேன்னு வந்த?"

"அப்ப அது ஷட்டருண்ணே. இப்ப ஃபைலு. இனிமே கை வெச்சா நான் உள்ள போயிடுவேன்." அமிர்தசாமி அழுதுகொண்டேதான் சொன்னார். அழுதுகொண்டே போனைத் தூக்கிப் பிடித்து, "கொஞ்சம் அப்டி தள்ளுங்கண்ணே, பூட்டு மறைக்குது" என்றார்.

உலகநாதன் தள்ளி நின்றார்.

ஆணையில் கையெழுத்துப் போட வேண்டிய பொறியாளர் அன்று மாலையே கிளம்பிப் போயிருந்தார். அதிகாரிகளுக்கும் ஒரு சக வட்டம் உண்டு. அது ஆன்லைனில் நடக்காது. கடற்கரை விடுதியில் நான்கு நாள், போனுக்குத் தடை. புதன்கிழமை திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டார். அதைக் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலை அமிர்தசாமி வந்து பூட்டைத் திறந்து சக்கரத்தைத் திருப்பினார். பொறியாளர் சொன்னது சரிதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் வரப்பு தெரிந்தது. அதற்குப் பிறகு பயிர் தெரிந்தது. கறுத்துப்போய், மடிந்து, சேற்றோடு சேறாகப் படுத்திருந்தது. நாற்றம் தாங்காமல் அமிர்தசாமி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, திறந்த நிலையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

தையலம்மாள் வயலில் இறங்கி ஒரு தூரைப் பிடித்து இழுத்தாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்துவிட்டது. குருத்தைப் பிளந்தாள். அதைக் கீழே போட்டுவிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

"வெள்ளிக்கெழம அந்தாளு சாவியோட வந்தாராமே?"

"வந்தாரு."

"வந்து?"

"நாந்தான் இருக்கச் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று உலகநாதன் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்யா?" என்றாள்.

"சான்று வந்துரும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சி" என்று சொல்லி, வரப்பில் நின்றபடி போனை எடுத்து நீட்டினார். தையலம்மாள் கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தாள். அதில் அவர் போட்டோ, பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் சரியாகவே இருந்தன.